ஓநாய் போன்ற நாய் வளர்க்க ஆசை. இரண்டு குட்டிகளாக வாங்கலாமா?

ஒன்று போதும். ஒரே வயதுக் குட்டிகள் நம்மைவிட ஒன்றோடொன்று அதிகம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பதறுவதைப் பயிற்சியாளர்கள் ‘லிட்டர்மேட் சிண்ட்ரோம்’ என்பார்கள். எல்லாக் குட்டிகளுக்கும் வராது. ஆனால் வந்தால் சரிசெய்வது சிரமம்.

சுமார் 3 முதல் 14 வாரத்துக்குள்தான் குட்டி யாரை நம்பலாம் என்று பழகுகிறது. அப்போது பக்கத்திலேயே துணை இருந்தால் உங்களைத் தேட அவசியமில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உயிர்த்தோழர்கள் ஆசிரியரைக் கவனிக்காத கதைதான். கூப்பிட்டால் முதலில் ஒன்றையொன்று பார்க்கும். ஒன்றை மட்டும் வெளியே கூட்டிப்போனால் மற்றது கதவைப் பிறாண்டும்.

சரி, எந்த இனம்? செக்கோஸ்லோவாக்கியன் உல்ஃப்டாக், 1955-ல் ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பேத்திய ஓநாயையும் கலந்து தொடங்கிய இனம். புதியவர்களிடம் ஒதுங்கும், தனிமையைத் தாங்காது. முதல் நாயாக தயவுசெய்து வேண்டாம். ஃபின்லாந்தின் தமாஸ்கன் இனமோ ஹஸ்கி போன்ற நாய்களிலிருந்து ஓநாய்ச் சாயலுக்காக உருவானது, பழக எளிது. அதற்கும் தினமும் நல்ல ஓட்டம் வேண்டும். அது பயிற்சியில் தேறி, ஒன்றரை வயதானபின் அடுத்த குட்டியை யோசிக்கலாம்.

ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தால் படுக்கை, நடை, பயிற்சி மூன்றையும் தனித்தனியாக வையுங்கள்.

ஒன்றுக்கொன்று துணை, நமக்கு வேலை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை இரட்டிப்பாகும்.