பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் நிற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கப் போவதாகத் தலைமையாசிரியர் அறிவித்திருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னை நிற்கச் சொல்கிறார்கள். நானோ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பீடி சுற்றுகிறவள். முன்பிருந்த குழுவினரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்களாம். "ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உனக்கு எதற்கு?" என்கிறார் என் கணவர். நான் நிற்பது முறைதானா?
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: தாராளமாக நில்லுங்கள். உங்கள் மகள் அந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதே போதுமான தகுதி. பெற்றோருக்குச் சட்டம் எந்தப் படிப்பையும் நிபந்தனையாக வைக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோராக இருந்தது இதனால்தான். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்காத ஊர்ப் பெரியவர், எவ்வளவு மதிப்புக்குரியவரானாலும், பெற்றோருக்குரிய இடத்தில் அமர முடியாது என்பதை உங்கள் கணவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இந்தக் குழு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பல ஊர்களில் இந்தக் குழப்பம் வருகிறது.

கையெழுத்து விஷயத்தில்தான் நீங்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, அரசிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது ஆகியவை குழுவின் கடமைகள். இவற்றில் வளர்ச்சித் திட்டத்தை வெறும் காகிதமாக எண்ணிவிடாதீர்கள். அரசு அந்தப் பள்ளிக்காக வகுக்கும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் அதுவே அடிப்படை என்று 22ஆவது பிரிவு கூறுகிறது. அதில் எழுதப்படாத தேவையை மேலிடத்தில் யாரும் தாமாக அறிந்துகொள்ளப் போவதில்லை. ஆகவே தீர்மானப் பதிவேட்டில் தீர்மானம் முழுவதும் எழுதப்பட்டு, அதை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கம் நீட்டப்பட்டால், "எழுதி முடியுங்கள், காத்திருக்கிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தேர்வு நாளுக்கு முன்பே உங்கள் தெருவிலுள்ள தாய்மார்களிடம் பேசிவிடுங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, குடிநீர்த் தொட்டியைக் கழுவுகிறார்களா, சுற்றுச்சுவர் எந்த இடத்தில் இடிந்திருக்கிறது என்பதை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் எண்ணிக்கையையும் கேளுங்கள்: முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை இருந்தால் மூன்று பேர் என்று சட்டத்தின் அட்டவணை வரையறுத்திருக்கிறது. கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது, இந்த விவரங்களோடு எழுந்து நிற்கும் தாயை ஒதுக்கிவிடுவது யாருக்கும் எளிதல்ல. தலைமையாசிரியரை எதிராளியாகக் கருத வேண்டாம். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அவரும் உங்களைப் போலவே தவிப்பவர்தான், பெற்றோரின் தீர்மானம் அவருடைய கோரிக்கைக்கும் வலுச் சேர்க்கும்.

ஒரு சிரமத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்ட நாளில் நீங்கள் சுற்றும் பீடியின் எண்ணிக்கை குறையும், அந்த அளவுக்குக் கூலியும் குறையும். தினக்கூலிப் பெண்கள் கூட்டத்துக்கு வராமல் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். அக்கறையின்மை என்று அவர்களைக் குறை சொல்வது அநியாயம். நீங்கள் உறுப்பினரானால், கூலி வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஏற்ற நேரத்தில் கூட்டம் நடத்த வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.

கேள்வி: என் மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறான். அங்கும் இத்தகைய குழுவைக் கேட்டு வாங்க முடியுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை 21ஆவது பிரிவு கட்டுப்படுத்தாது, அரசு உதவி பெறும் பள்ளிகளில் குழு உண்டு என்றாலும் அது ஆலோசனை கூறும் அளவில் மட்டுமே செயல்படும். உங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருந்தால், அதன் கூட்டத்தில் மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு உங்கள் கோரிக்கைகளை எழுத்துமூலம் கொடுங்கள்.