சீன மலை ஓவியங்களில் மலையின் நடுப்பகுதியை ஏன் வெறுமையாக விடுகிறார்கள்? அதை எப்படி வரைவது?

அது மூடுபனி. மலைக்கு உயரம் கிடைப்பதே அந்த இடத்தில்தான்.

சீன ஓவியர் குவோ ஷி 1072-இல் பட்டில் தீட்டிய 'வசந்தத்தின் தொடக்கம்' ஓவியத்தைப் பாருங்கள். தைபேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 158 செ.மீ. அடிவாரப் பாறையிலிருந்து கண்ணை மேலே ஓட்டினால், இடுப்பளவில் மலை கரைந்துபோய் மேலே மறுபடி எழும்பும். மறைந்த பகுதியைக் கண் தானாக நீட்டிக்கொள்கிறது. அடி முதல் நுனி வரை வரைந்து காட்டினால் மலை குன்றாகிவிடும். குவோ ஷியே இதைச் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சுகளை மகன் குவோ சு தொகுத்து வைத்தார்.

இன்னொரு வேலையும் பனிக்கு உண்டு. சிகரத்தை அண்ணாந்து பார்க்கிறோம், பள்ளத்தாக்கை உள்ளே எட்டிப் பார்க்கிறோம், தொலைமலையை நேராகப் பார்க்கிறோம். மூன்று பார்வையும் ஒரே பட்டில் இருப்பதால் ஒட்டுப்போட்ட இடம் தெரிந்துவிடும். பனி அதை மூடிவிடுகிறது.

பொருள் என்று கேட்டால், நடுச்சிகரம் பேரரசர், சுற்றியுள்ள மலைகள் அவரைக் காண வந்த சிற்றரசர்கள், நெடிய பைன் மரம் சான்றோர். குவோ ஷி பேரரசர் ஷென்சொங்கின் அரசவை ஓவியர் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, மலையை உடம்பாகவே பார்க்கும் அவருடைய பார்வை: நீர் அதன் ரத்தக் குழாய், புல்லும் மரமும் தலைமுடி, பனி முகப்பொலிவு. இந்த ஓவியத்தில் இலையில்லாக் கிளைகள் நண்டுக் கொடுக்குபோல் வளைந்திருக்க, கீழே நீர் ஓடத் தொடங்கிவிட்டது. குளிர்காலம் முடிகிற தறுவாய்.

வரைவதற்கு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள் போதும். பசை ஏற்றாத சீனத் தாளில் மை ஓடிவிடும், தொடக்கத்தில் வேண்டாம். மையை நன்றாக நீர்க்க வையுங்கள். ஒரே பூச்சில் கருமை வராது. வெளிர்மையை ஆறேழு தடவை ஏற்றச் சொல்கிறார் குவோ ஷி, அப்போதுதான் கருமை வறண்டு தெரியாது. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டால் அடிப்பூச்சு கலங்கிச் சேறாகும்.

பனி வரும் இடத்தில், பூச்சு ஈரமாக இருக்கும்போதே மை படாத ஈரத் தூரிகையால் கீழ்விளிம்பை இழுத்துக் கரையுங்கள். தூரிகையைத் துணியில் ஒற்றியெடுத்த பிறகே தொட வேண்டும். நீர் சொட்டினால் அது மையைத் திரும்பத் தள்ளி, காலிஃப்ளவர் போன்ற கறையை விட்டுவிடும்.

பலரும் தவறுவது விளிம்பில்தான். மேலே உள்ள மலையின் அடி கரைய வேண்டும். பனிக்குக் கீழே உள்ள பாறையின் மேல்விளிம்பும் மரநுனிகளும் கூர்மையாக நிற்க வேண்டும். இரண்டையும் கரைத்தால் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். பனி ஒரே அகலத்தில் போனால் மலைக்கு இடுப்புவார் கட்டியதுபோல் ஆகும். ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் நூலாகவும் போகட்டும். பனிக்கு வெள்ளை வண்ணம் பூசவே கூடாது, அது சுண்ணாம்புபோல் மலைக்கு முன்னால் வந்து நிற்கும்.

குவோ ஷி ஓவியத்தின் புகைப்படத்தில் பனி பழுப்பாகத் தெரிவதைப் பார்த்துத் தாளுக்குப் பழுப்பு அடிக்காதீர்கள். பட்டு காலப்போக்கில் அப்படி ஏறிய நிறம் அது.