டிஜிட்டல் ரேடியோ வாங்குவதும் புரோகிராம் செய்வதும்: கேள்வி-பதில்

கேள்வி (ஹட்டன் வாசகர்): அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பரீட்சை சித்தி, அழைப்புக்குறியும் கிடைத்துவிட்டது. டீஎம்ஆர் (குரலை டிஜிட்டலாக அனுப்பும் முறை) கையடக்க ரேடியோ ஒன்று ஒன்லைனில் எடுக்கலாமா? 10 வாட் உள்ளதா, 5 வாட் உள்ளதா நல்லது?

பதில்: வாட்டைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். 5 வாட்டை 10 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். மறுமுனையில் சிக்னல் மீட்டர் அரைப் புள்ளி ஏறும், அவ்வளவே. நடுவில் மலைமுகடு நின்றால் இரண்டும் ஒன்றுதான். மிச்சக் காசில் வெளியே கட்டும் அன்டெனாவும் நல்ல கேபிளும் வாங்குங்கள்.

விளம்பரத்தில் 'டியர் 2' (டீஎம்ஆர் தர வகை) என்று இருக்கிறதா பாருங்கள். பாஃபெங் டிஎம்-5ஆர் முதலில் வந்தபோது டைம் ஸ்லொட்டை (ஒரே அலைவரிசையை நேரத்தால் இரண்டாக்கும் பகுதியை)ப் பிரிக்கத் தெரியாத 'டியர் 1' ரேடியோவாகவே இருந்தது. அப்படிப்பட்டதை வைத்து ரிப்பீட்டரில் (அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையத்தில்) பேச முடியாது. எஃப்எம்மும் சேர்ந்த ரேடியோவாகவே எடுங்கள்; டிஜிட்டல் ரிப்பீட்டர் எட்டாத பள்ளத்தாக்கில் அதுதான் கைகொடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், காசு கட்டுமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொதி சுங்கத்தில் நின்றுவிடலாம். கடையில் வாங்கினால் வியாபாரியின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மொடலும் தொடர் இலக்கமும் எழுதிய பில் கட்டாயம் வேண்டும்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): புரோகிராம் செய்தேன். பச்சை விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ரேடியோ பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. விளக்கு எரிந்தால் அலை வந்து சேர்கிறது. உள்ளே ஏதோ ஒரு அமைப்பு பொருந்தவில்லை. கலர் கோட் (ரிப்பீட்டருக்குரிய குறி எண், 0 முதல் 15 வரை), டைம் ஸ்லொட் (1 அல்லது 2), டோக் குரூப் (ஒன்றாகப் பேசும் குழுவின் எண்) மூன்றும் ரிப்பீட்டரோடு ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் ரேடியோ வாய் திறக்காது. 'டிஜிட்டல் மொனிட்டர்' (அமைப்பு பொருந்தாவிட்டாலும் கேட்கவைக்கும் வசதி) இருந்தால் போட்டுப் பாருங்கள். அப்போது கேட்டால் கோளாறு பெரும்பாலும் டோக் குரூப்பிலோ ஸ்லொட்டிலோதான்.

முதலிலிருந்து செய்வதே மேல். ரேடியோவில் இருப்பதைக் கணினிக்கு 'ரீட்' செய்து, திகதி போட்டு சேமியுங்கள். இதைச் செய்யாமல் 'ரைட்' அழுத்தினால் திரும்பிப் போக வழியில்லை. புரோகிராம் செய்யும் மென்பொருளின் பதிப்பு ரேடியோவின் ஃபேர்ம்வேருக்கு (உள் மென்பொருளுக்கு)ப் பொருந்த வேண்டும். பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும்.

கேபிளிலும் கவனம். யூவி-5ஆர் எஃப்எம் ரேடியோவின் கேபிள் முனை பார்வைக்கு ஒன்றே; ஆனால் அதனுள் சீரியல் சிப் இருக்கிறது. எம்டி-யூவி380, ஜிடி-77 போன்ற டீஎம்ஆர் ரேடியோக்களுக்கு நேரடி யூஎஸ்பி கேபிள் வேண்டும். பழையதை மாட்டிவிட்டு 'கணினி ரேடியோவைக் காணவில்லை' என்று டிரைவரைத் தேடி அலைபவர்கள் அதிகம்.

அடுத்து உங்களை அடையாளம் காட்டும் டீஎம்ஆர் இலக்கம். ரேடியோஐடி.நெட் தளத்தில் அனுமதிப்பத்திரப் பிரதியைக் கொடுத்தால் இலவசமாகத் தருவார்கள். 7 இலக்கங்கள், இலங்கைக்கு 413 இல் தொடங்கும். தொழிற்சாலை போட்டனுப்பிய இலக்கத்தை வைத்துப் பேசாதீர்கள்.

பிறகு இந்த வரிசை: கொன்டாக்ட், ரிசீவ் குரூப் லிஸ்ட், சனல், சோன் (சனல்களின் தொகுப்பு). ஒன்று முன்னதிலிருந்து எடுப்பதால் வரிசையை மாற்றினால் தேட வேண்டியது கிடைக்காது. டோக் குரூப்பைக் கொன்டாக்டில் எழுதும்போது 'குரூப் கோல்' என்று வையுங்கள். 'பிரைவேட் கோல்' என்று விட்டுவிடுவதே மிகப் பொதுவான பிழை. கேட்க வேண்டிய குரூப்பை ரிசீவ் லிஸ்டிலும் சேருங்கள். சனலை எந்த சோனிலும் போடாவிட்டால் ரேடியோவின் திரையில் அது வரவே வராது.

இவ்வளவும் சரியாக இருந்து, குரல் மட்டும் துண்டு துண்டாக உடைந்தால் மலையில் பட்டுத் திரும்பும் அலை காரணமாக இருக்கலாம். எஃப்எம் இரைச்சலோடாவது கேட்கும். டிஜிட்டல் சட்டென்று அறுந்துவிடும். சில அடி நகர்ந்து நின்று பாருங்கள்.

கேள்வி (தலவாக்கலை வாசகர்): எங்கள் பக்கம் ரிப்பீட்டர் எதுவும் எடுபடவில்லை. ஹொட்ஸ்பொட் (ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் சிறு கருவி) வாங்கினால் சரிவருமா?

பதில்: வரும், இணையம் அறுபடாமல் இருந்தால். கைபேசி டேட்டாவே போதும், பாவனை குறைவுதான். ஒற்றை அன்டெனா ஹொட்ஸ்பொட்டுக்கு ரேடியோவில் அனுப்பும் அலைவரிசையும் பெறும் அலைவரிசையும் ஒன்றாக, கலர் கோட் 1, ஸ்லொட் 2 என்று வையுங்கள். அலைவரிசை உங்கள் அனுமதிப்பத்திரத்துக்குள் இருக்க வேண்டும். பிராண்ட்மீஸ்டர் (டீஎம்ஆரை இணையத்தால் இணைக்கும் வலையமைப்பு) தளத்தில் ஹொட்ஸ்பொட் கடவுச்சொல்லை நீங்களே அமைத்து, தளத்திலும் ஹொட்ஸ்பொட்டிலும் ஒன்றாகப் போடுங்கள். விலை குறைந்த போர்டுகளில் அலைவரிசை சில நூறு ஹெர்ட்ஸ் விலகியிருக்கும். பை-ஸ்டார் (ஹொட்ஸ்பொட்டை இயக்கும் மென்பொருள்) பக்கத்தில் பிழைவீதம் 1 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை ஒஃப்செட்டை (அலைவரிசைத் திருத்தத்தை)க் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பேசும்போது ரேடியோவைக் குறைந்த சக்தியில் வைத்து, ஹொட்ஸ்பொட்டிலிருந்து சில மீற்றர் தள்ளி நில்லுங்கள்.