செபத்தில் கேட்ட குரல் யாருடையது?

அம்மா,

எனக்கு 38 வயது. தேவகோட்டையில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்குத் திருப்பூரில் வேலை. மகனோடு அங்கேயே வந்துவிடு என்கிறார். மகன் பத்தாம் வகுப்பு; மாமியார் என்னோடு இருக்கிறார். போகவா வேண்டாமா என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். செபக்கூட்டத்தில் ஆளாளுக்கு "ஆண்டவர் பேசினார்" என்கிறார்கள். எனக்கு எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் செபமாலை சொல்லிக்கொண்டே கண் அசந்தபோது "போகாதம்மா" என்று குரல் கேட்டது. போன வருடம் இறந்துபோன என் அம்மாவின் குரல் அப்படியே. கூட்டத்து அக்கா ஒருவர், "அது ஆண்டவர் உத்தரவு, மீறினால் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார். கணவரோ டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். பயமாக இருக்கிறது.

– வாசகி, தேவகோட்டை

அன்புச் சகோதரி,

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் குரல் கேட்பது பலருக்கும் நடப்பது. பெற்றவளைப் பறிகொடுத்தவர்களுக்கு அவள் குரலே கேட்பதும் உண்டு. அது மட்டுமே நோய் ஆகாது. நன்றாக விழித்திருக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்டால், திட்டினால், உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால், தூக்கமும் வேலையும் கெட்டால் தயங்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

அந்த அக்காவின் மிரட்டலை நான் ஏற்கவே மாட்டேன். எந்தக் குரலையும் கேட்ட மாத்திரத்தில் நம்பாமல் சோதித்தறியச் சொல்வது விவிலியத்தில் உள்ள யோவானின் முதல் திருமுகம். அதே விவிலியத்தில் வரும் சிறுவன் சாமுவேலும் தன்னை அழைப்பது ஆண்டவர் என்று தெரியாமல் மூன்று முறை முதிய குரு ஏலியிடம்தான் ஓடினான். உங்களுக்கும் ஓர் ஏலி வேண்டும். பங்குத்தந்தையோ, பக்குவப்பட்ட ஒரு கன்னியரோ, உங்களைப் பயமுறுத்தாமல் காது கொடுத்துக் கேட்பவராக இருக்கட்டும்.

ஓரியூர் உங்களுக்குப் பக்கம்தான். 1693-ல் அங்கே தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தர் இயேசு சபைத் துறவி. அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், குரலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மனம் அமைதியாக இருக்கும்போது இரண்டு பக்கத்தின் நன்மை தீமைகளையும் எடைபோட்டு, முடிவை ஆண்டவர் முன் வைக்கச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருத்தி இதே நிலையில் வந்து நின்றால் என்ன சொல்வோம் என்று யோசிப்பதும் அவர் காட்டிய வழிதான். மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது, ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

சில நாள் போவதாகவே முடிவெடுத்ததுபோல் நினைத்துச் செபியுங்கள். பிறகு சில நாள் இங்கேயே இருப்பதாக. செபம் முடிந்த கையோடு மனம் இருந்த நிலையை நோட்டில் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் பொங்கும் சந்தோஷத்தைவிட, மறுநாள் அடுப்படியிலும் கடையிலும் கூடவே நிற்கும் நிம்மதிக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

அம்மாவுக்காக நீங்கள் ஆற அழுதீர்களா? "போகாதம்மா" என்பது அவரைப் போகவிட முடியாத உங்கள் ஏக்கமாகவும் இருக்கலாம். கணவரிடம் அதைப் பேசுங்கள். மாமியார் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை, அவரிடமும் கேளுங்கள்.

மகனின் பொதுத்தேர்வு முடியும்வரை எப்படியும் நகர முடியாது, அதனால் அவசரமே இல்லை. இடையில் வரும் விடுமுறையில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் திருப்பூரில் தங்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.