பெட்டிக்குள் இருந்தபடியே சாகும் காலணி

சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய கடைத்தொகுதி ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருபத்தோரு ஆண்டுகளாக மலையேற்றப் பொருள்கள் விற்று வருகிறேன். சனிக்கிழமை கடை, ஞாயிற்றுக்கிழமை காடு என்று பழகிய வாழ்க்கை. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, ஆறு ஆண்டுகளுக்கு முன் நல்ல விலை கொடுத்து மலையேறும் காலணி வாங்கினேன். மூன்று முறைதான் போட்டிருப்பேன். பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது, பார்க்கப் புதிதுபோல் உள்ளது. இரண்டு மாதத்தில் மகளோடு கினபாலு மலைக்குப் போகிறேன். இதையே போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, பொங்கோல்

இன்றைக்கே அந்தப் பெட்டியை இறக்குங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய சொல் ‘பத்திரமாக’ என்பதுதான்.

சென்ற மாதம் ஒரு தம்பதியர் இப்படித்தான் ஒரு பெட்டியோடு வந்தார்கள். மேல்தோலில் ஒரு கீறல் இல்லை, கயிறுகூட வெள்ளை மாறவில்லை. குதிகால் பக்கம், அடிரப்பருக்கும் மேல்தோலுக்கும் நடுவே இருக்கும் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. தேநீரில் ஊறிய ரஸ்க்கைத் தொட்டதுபோல் இருந்தது. எடுத்தபோது நகத்தில் பிசுபிசுப்பு, மேசையில் கறுப்புத் தூள். அந்த அம்மாவால் நம்பவே முடியவில்லை. “போடவே இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த நடுமெத்தை பல காலணிகளில் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. கனமான சுமையையும் தாங்கும், நெடுநாள் குழையாது. ஆனால் காற்றில் உள்ள ஈரம் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அதன் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. நீங்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மூடிய அலமாரியும் மூடிய பெட்டியும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் இங்கே ஐந்து, ஆறு ஆண்டு பழைய காலணி எதையும் நான் நம்புவதில்லை. ஓட்டக் காலணிகளில் வரும் ஈவிஏ மெத்தைக்கு இந்தக் கோளாறு இல்லை. அது அமுங்கித் தட்டையாகும், தூளாகாது.

கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றனவா, அடிரப்பரின் ஓரம் எழும்புகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அதோடு முடித்துவிடாதீர்கள். காலணியைப் போட்டுக்கொண்டு உங்கள் புளோக்கின் படிகளில் பத்து மாடி ஏறி இறங்குங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்கு வாரம் இருமுறை இதைச் செய்யுங்கள். பிய்ந்து போகிற காலணி பொங்கோலிலேயே பிய்ந்து போகட்டும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜோகூரில் உள்ள லேடாங் மலையிலிருந்து இறங்கும்போது என் தோழியின் வலது காலணியின் அடிப்பாகம் வாய் பிளந்தது. பத்து நிமிடத்தில் இடதும் பிளந்தது. 1,276 மீட்டர் மலை. கயிறும் ஏணியும் பிடித்து இறங்க வேண்டிய பாறைகள் இன்னும் மிச்சம் இருந்தன. என் பையில் இருந்த துணி உலர்த்தும் கயிற்றால் இரண்டையும் பாதத்தோடு சேர்த்துக் கட்டினோம். நூறு அடிக்கு ஒருமுறை கட்டு நழுவியது. மழையும் பிடித்துக்கொண்டது. அடிவாரம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவள் அழுதுகொண்டே நடந்தாள். அதன்பின் என் ஊன்றுகோலில் அகலமான ஒட்டுநாடாவை இரண்டு மீட்டர் சுற்றி வைக்காமல் நான் எங்கும் போனதில்லை.

கினபாலுவில் ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே காலணி முக்கியம். ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் நுழைவாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது, உச்சி 4,095 மீட்டரில். உச்சியிலிருந்து ஒரே நாளில் அவ்வளவையும் இறங்குவீர்கள். நம் புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர். பதின்மூன்றை அடுக்கினாலும் அந்த இறக்கத்துக்கு ஈடாகாது. விரல்நுனி காலணியில் இடித்தால் நகம் கறுத்துவிடும். எனவே மலைக்குப் போடப்போகும் காலுறையோடு அளவு பாருங்கள்; விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பானாலாபானில் இரவு தங்குவீர்கள். அது 3,272 மீட்டர் உயரம், தலைவலியும் குமட்டலும் வரலாம். மகளுக்கு வந்தால் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். கூடிக்கொண்டே போனால் ஒரே மருந்து கீழே இறங்குவதுதான்.

பதினைந்து வயது மகன் பள்ளி முடிந்து நண்பர்களோடு மெக்ரிட்சி காட்டுப் பாதைக்குப் போக ஆசைப்படுகிறான். பெரியவர்கள் யாரும் கூட இல்லை. தடுக்கவும் மனமில்லை, விடவும் பயம்.
— ஒரு தாய், புக்கிட் பாத்தோக்

விடுங்கள். ஆனால் பள்ளி முடிந்து வேண்டாம், காலையில் போகட்டும். இங்கே இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் திரள்கின்றன. ஏழு மணிக்கே இருட்டிவிடும். மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே. காலையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழை விடிவதற்கு முன்பிருந்து நண்பகல் வரைக்குள் அடித்துத் தீர்க்கும். அந்தக் காற்றில் கிளைகள் முறியும். புறப்படுமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி செயலியில் மழை மேகங்களைப் பார்க்கப் பழக்குங்கள். வெப்ப அழுத்த அளவும் அதிலேயே இருக்கிறது. 33 அல்லது அதற்கு மேல் காட்டினால் உயர்நிலை. அன்று நடை வேண்டாம்.

இடி காதில் விழுந்துவிட்டால் மின்னலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். தனி மரத்தடியிலும் நீர்த்தேக்கக் கரையிலும் நிற்கக்கூடாது. கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மெக்ரிட்சியில் உள்ள மரஉச்சி நடைபாலம் ஒருவழிப் பாதை என்பதையும் சொல்லிவையுங்கள். அதன் நீளம் 250 மீட்டர். ஏறியபின் திரும்பி வர முடியாது, ஆகவே வானம் கறுத்திருக்கும்போது ஏறவே கூடாது.

பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்று: கடந்து போகும் ஒவ்வொரு வழிகாட்டிப் பலகையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசர உதவி எண் 995க்கு அழைத்து “காட்டுக்குள் இருக்கிறோம்” என்றால் வருகிறவர்கள் எங்கே தேடுவார்கள்? கடைசிப் பலகையில் இருந்ததை வாசித்தால் போதும். கூட வந்தவன் வெயிலில் தடுமாறி, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால் அது சாதாரணக் களைப்பு அல்ல. உடனே 995, உதவி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தெளிவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

குரங்குகள் நெகிழிப் பையைப் பார்த்தால் உணவு என்றே நினைக்கும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். உணவு கொடுத்தால் முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

அலுவலக வேலையை விட்டுவிட்டு உங்களைப்போல் ஒரு சிறிய கடை திறக்க நினைக்கிறேன். 60,000 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. போதுமா?
— வாசகர், தெம்பனிஸ்

தம்பி, காலணியில் கை வைக்காவிட்டால் போதலாம். வைத்தால் போதாது.

கணக்கைப் பாருங்கள். ஒரே ஒரு ஆண்கள் காலணி வகை, ஆறாம் எண்ணிலிருந்து பதினொன்று வரை அரை எண்களும் சேர்த்துப் பதினோரு அளவுகள். அளவுக்கு இரண்டு ஜோடி என்றால் 22 ஜோடி. கொள்முதல் ஜோடி 110 வெள்ளி என்று வைத்தால் 2,420 வெள்ளி. பத்து வகை வைத்தால் 24,200. பெண்களுக்கான அலமாரி இன்னும் காலியாகவே இருக்கிறது. எட்டும் ஒன்பதும் விற்றுப்போகும். ஆறும் பதினொன்றும் தங்கிவிடும். பொங்கோல் வாசகிக்குச் சொன்னேனே, அந்த ஈரம் கடை அலமாரியில் இருக்கும் காலணியையும் தின்றுகொண்டுதான் இருக்கிறது. என் கடையில் ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சரக்கு வந்த மாதத்தைக் கறுப்பு மையில் எழுதுகிறேன். பதினெட்டு மாதம் தாண்டினால் பாதி விலை. மூன்று ஆண்டு தாண்டினால் விற்பதில்லை. அது நட்டம்தான். ஆனால் அந்தக் காலணியோடு ஒருவரை மலைக்கு அனுப்பிவிட்டு என்னால் தூங்க முடியாது. இந்த நட்டத்தை முதலிலேயே கணக்கில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

வாடகைக்கு விடுவதை யோசியுங்கள். டிசம்பர் விடுமுறையில் குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் தடித்த அங்கியை ஒரே ஒருமுறைதான் போடுவார்கள். அங்கி, உறங்கு பை, ஊன்றுகோல் ஆகிய மூன்றின் வாடகைதான் முதல் நான்கு ஆண்டுகள் என் கடை வாடகையைக் கட்டியது. ஒவ்வொன்றும் திரும்பி வந்தவுடன் துவைத்து, முழுதும் உலர்ந்தபின்தான் மடிக்க வேண்டும். இந்த ஊரில் பாதி உலர்ந்த உறங்கு பை ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பழுதுபார்க்க ஒரு சிறு மேசையும் போடுங்கள். அறுந்த பட்டையையும் ஓடாத ஜிப்பையும் சரிசெய்து கொடுத்தவரை யாரும் மறப்பதில்லை.

ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாதவரை பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் நீங்கள் வாங்கும் சரக்குக்கு 9 விழுக்காடு வரி கட்டுவீர்கள், அதைத் திரும்பப் பெற முடியாது. ஆள் வைத்தால், 55 வயது வரையுள்ள சிங்கப்பூரருக்கு மத்திய சேம நிதியில் முதலாளியின் பங்கு 17 விழுக்காடு. வாரம் இரண்டு நாள் உதவி போதுமென்றால் முழுநேர ஆள் வைக்க அவசரப்பட வேண்டாம்.

வேலையை இப்போதே விட வேண்டாம். ஆறு மாதம் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கடையில் நில்லுங்கள். என் கடைக்கே வாருங்கள், சம்பளம் தருகிறேன். ஒரு நாளில் முப்பது பேர் பாதத்தை மண்டியிட்டு அளந்த பிறகும் உங்களுக்கு இந்த ஆசை இருந்தால் பேசலாம்.

கடையில் போட்டுப் பார்த்துவிட்டு இணையத்தில் குறைந்த விலைக்கு வாங்கினால் உங்களுக்குக் கோபம் வருமா?
— பெயர் வேண்டாம் என்றவர், ஈசூன்

வருத்தம் வரும். அளவு பார்க்க அரை மணி நேரம் ஆகிறது, அதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. 2023 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருள்களுக்கும் வரி வந்துவிட்டதால் விலை வித்தியாசம் முன்போல் இல்லை. என்னிடம் கேட்டுப் பாருங்கள், முடிந்ததைக் குறைக்கிறேன். முடியவில்லை என்றால் இணையத்திலேயே வாங்குங்கள். ஆனால் அளவு பார்க்க மாலையில் வாருங்கள். நடந்து நடந்து அந்நேரம் பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும்.

வயது 64. இருபது ஆண்டுகளாக நீரிழிவு. மார்ச் மாதம் கோயம்புத்தூர் போய் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏற ஆசை. வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். என்ன பயிற்சி செய்ய வேண்டும்?
— வாசகர், அங் மோ கியோ

அண்ணன், பயிற்சிக்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கும் சர்க்கரை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடப்பார். ஓர் ஆண்டு பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. அவருக்கு வலிக்கவே இல்லை. நான்காம் நாள் தரையில் இரத்தக் கறையைப் பார்த்த அம்மாதான் கண்டுபிடித்தார். அதற்குள் சீழ் வைத்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நெடுநாள் சர்க்கரை பாதத்தின் உணர்வை மழுங்கடித்துவிடும். வலிக்கவில்லை என்பதால் காயமில்லை என்று ஆகாது. முதலில் மருத்துவரிடம் போய்ப் பாத உணர்வையும் இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உணர்வு குறைந்திருக்கிறது என்றால், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வெறுங்கால் வேண்டாம். பூண்டியில் அடிவாரக் கோயிலிலேயே ஆண்டவனைக் கும்பிட்டு அந்த வேண்டுதலை வேறொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் சரி என்றால், இன்றிலிருந்தே வாரம் மூன்று நாள் புக்கிட் தீமா படிகள். பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் மலைக்கு அனுமதி. அந்த மாதங்களில் வெயில் கடுமை, அதனால்தான் பலர் இரவில் ஏறுகிறார்கள். தலைவிளக்கு கொண்டுபோங்கள், புது மின்கலம் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட இனிப்பு சட்டைப்பையிலேயே இருக்கட்டும், முதுகுப்பையில் வேண்டாம். தனியாக ஏறாதீர்கள். இப்போதிருந்தே தினமும் இரவு ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். மலையில் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊன்றிக்கொள்ள மூங்கில் தடி அடிவாரத்திலேயே கிடைக்கும். இங்கிருந்து எதுவும் வாங்கிப் போகத் தேவையில்லை.