லண்டனில் பேப்பர் கலியாணம், ஊரில் மச்சாள்: எழுதலாமா?

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையைச் சேர்ந்தவன். லண்டனில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. 2022இல் விசாவுக்காக, பிரித்தானியக் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணைக் காசு கொடுத்துப் பதிவுத் திருமணம் செய்தேன். ஒருநாளும் சேர்ந்து இருந்ததில்லை. விசாரணையில் மனைவிக்குப் பிடித்த சாப்பாடு எது என்றார்கள். கணவாய்க் கறி என்றேன். பக்கத்து அறையில் அவர் தனக்குக் கடல் சாப்பாடே ஒத்துவராது என்று சொல்லியிருக்கிறார். எப்படியோ விசா கிடைத்தது. இப்போது அம்மா மச்சாளைப் பேசி, தை மாதம் நாளும் வைத்துவிட்டார். ஊரில் விவாகப் பதிவு எழுதலாமா?

பதில்: எழுத முடியாது தம்பி. கணவாய்க் கதைக்குச் சிரித்தேன், அது வேறு. ஆனால் சட்டத்தில் பேப்பர் கலியாணம் என்று தனி ரகம் கிடையாது. பதிவாளர் முன்னால் முறைப்படி கையெழுத்து வைத்திருந்தால் அது கலியாணம்தான். சேர்ந்து வாழவில்லை, காசுக்குச் செய்தது என்பதெல்லாம் அதைக் கலைக்காது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பழைய வழக்கே இருக்கிறது. 1954இல் ஒரு பெல்ஜியப் பெண், நாடு கடத்தப்படாமல் இருக்க ஸ்மித் என்பவரை மணந்தார். ஸ்மித்துக்குப் பேசிய கூலி 50 பவுணும் தென்னாபிரிக்காவுக்கு ஒரு டிக்கெட்டும். 1970இல் அந்தப் பெண் இத்தாலியில் வேறொருவரை மணந்தார். மாப்பிள்ளை கலியாண நாளன்றே இறந்துபோனார். சொத்துக்காக, 'முதல் கலியாணம் சும்மா செய்தது' என்று வழக்காடினார். அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போயும் எடுபடவில்லை. ஸ்மித்தான் புருஷன்!

நமது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படியும், முதல் விவாகம் சட்டப்படி குலையாவிட்டால் அடுத்தது செல்லாது. 'மணமாகாதவர்' என்று எழுதிக்கொடுத்தால் பொய்க் கூற்றும் சேரும். இருதார மணத்துக்குத் தண்டனைச் சட்டக் கோவையின் 362ஆ பிரிவில் ஏழு வருடம் வரை சிறை இருக்கிறது.

'அப்ப எழுத்தை விடு, பத்திரகாளி அம்மன் கோயிலில் தாலியைக் கட்டு' என்று அம்மா சொல்லுவார். திருகோணமலை அம்மாமாரை எனக்குத் தெரியும். அதுவும் வேண்டாம். இந்து முறைச் சடங்கோடு நடந்த கலியாணத்தை, பதியாவிட்டாலும் நமது நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. வில்லங்கம் அப்படியேதான்.

விவாகரத்தை இங்கே எடுக்கப் பார்க்காதீர்கள். பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிடல், மணநேரத்து ஆண்மையின்மை இதில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இருவரும் சம்மதித்தோம் என்பது போதாது. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6இலிருந்து காரணம் சொல்லத் தேவையில்லை, இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த பின் முதல் 20 வாரம், நிபந்தனைக் கட்டளைக்கு (விவாகரத்தின் முதற்கட்ட உத்தரவு) பிறகு இன்னும் 6 வாரம் காத்திருக்க வேண்டும். தைக்குள் நடக்காது.

அதற்கு முதல் அங்கே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்த்து, ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். உங்கள் விசா அந்தக் கலியாணத்தில்தான் தொங்குகிறது. காசுக்குச் செய்தது அங்கே குற்றமாகவும் வரலாம். நாளைக்கு மச்சாளைக் கூப்பிட விண்ணப்பித்தால் பழைய கோப்பைத் திறப்பார்கள், கணவாயும் அதற்குள் இருக்கும். இன்னொரு பொய்யால் சமாளிக்க வழி கேட்டால், அது என்னிடம் இல்லை.

மச்சாளிடமும் மாமாவிடமும் இதை நீங்களே சொல்லுங்கள், வேறு வாயால் போக விடாதீர்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருந்தால், நாள் மாற்றித் தருவார்களா என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள்.