கப்பல் மாமா பதில்கள்: கொடி விற்கும் தீவுகள்

போன இதழில் துவாலு என்ற பசிபிக் தீவு நாட்டைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இணைய முகவரிகளின் வாலில் வரும் 'டிவி' என்ற எழுத்துகள் தொலைக்காட்சிக்கானவை அல்ல, அவை துவாலுவின் நாட்டுக் குறியீடு, அதை வாடகைக்கு விட்டே அந்த அரசு கணிசமாகக் காசு பார்க்கிறது என்று. அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்தோரு வருடம் கப்பல் இன்ஜின் ரூமில் கிடந்தவன் நான். பசிபிக் தீவுகளில் கால் வைத்தது ஐந்தாறு முறைதான், மீதியெல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதும் படித்ததும்.

என் மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கப்பலின் கொடி 'மார்ஷல் தீவுகள்' என்று போட்டிருக்கிறது. அப்படி ஒரு நாடு உண்டா? ஏமாற்று வேலை இல்லையே?
– நாகர்கோவில் வாசகி

பயப்படாதீர்கள் அம்மா, உண்டு. ஒரு கப்பல் எந்த நாட்டில் பதிவாகிறதோ, அந்த நாட்டின் கொடியைத்தான் போடும். லைபீரியா, பனாமாவோடு சேர்த்து மொத்தக் கொள்ளளவுக் கணக்கில் உலகிலேயே அதிகக் கப்பல்களைப் பதிவு செய்திருக்கும் மூன்று நாடுகளில் அதுவும் ஒன்று. நானே அந்தக் கொடியின் கீழ் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தேன். அந்த நாட்டின் தலைநகர் மஜுரோவை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. கப்பல் பதிவை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனம், நாட்டுக்குப் போவது கட்டணத்தில் ஒரு பங்கு. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எரிந்து மூழ்கிய எண்ணெய்த் துரப்பண மேடைகூட மார்ஷல் தீவுகள் கொடி போட்டதுதான்.

நாட்டின் நிலப்பரப்பு 181 சதுர கிலோமீட்டர். அதையும் 29 பவளத் தீவு வளையங்களாகவும் ஐந்து தனித் தீவுகளாகவும் கடலில் தெளித்துவிட்டது மாதிரி கிடக்கும். அங்கே பிகினி, எனிவெடாக் என்ற இரண்டு வளையங்களில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. பிற்பாடு போட்ட உடன்படிக்கையால் அந்த மக்கள் விசா இல்லாமல் அமெரிக்கா போய் வேலை செய்யலாம். போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 53 ஆயிரம் பேர், 2021-ல் 42 ஆயிரம். போனவர்களில் நிறையப் பேர் ஆர்கன்சா மாநிலத்தில் கோழி வெட்டும் ஆலைகளில் நிற்கிறார்கள்.

சரி, உங்கள் மகன் விஷயம். கொடியைப் பார்க்காதீர்கள், ஏஜெண்டைப் பாருங்கள். மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆள் சேர்ப்பு உரிம எண் அவரிடம் இருக்கிறதா, அது இன்னும் செல்லுமா என்று சரிபார்த்துவிட்டுப் பையனை அனுப்புங்கள்.

நவ்ரு என்ற நாடு ஒரு காலத்தில் உலகப் பணக்கார நாடு என்று படித்தேன். இப்போது ஏழை. தின்றே அழித்தார்களா?
– ஈரோடு வாசகர்

தின்றது யார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

1980-களின் நடுவில், ஐந்தாம் இன்ஜினியராக இருந்தபோது பாஸ்பேட் ஏற்ற நவ்ரு போனேன். பறவை எச்சத்திலிருந்து உண்டானது என்று சொல்லப்படும் உரத் தாது அது. அங்கே அப்போது துறைமுகம் கிடையாது. கரையை விட்டு இறங்கினால் கடல் கிணறு மாதிரி செங்குத்தாகப் போகிறது, நங்கூரம் தரை தொடாது. ஆகவே மிதவைகளில் கப்பலைக் கட்டுவார்கள். கரையிலிருந்து இரண்டு ராட்சத இரும்புக் கைகள் நீண்டு வந்து கப்பலின் வயிற்றில் மாவு கொட்டும். மேற்குக் காற்று எழுந்தால் கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே போய் மிதக்க வேண்டியதுதான். நாங்கள் ஒன்பது நாள் மிதந்தோம். அந்த வெள்ளைத் தூசி ஏர் ஃபில்டரில், தலைமுடியில், சோற்றில்.

ஒரு நாள் கரைக்குப் போனேன். 21 சதுர கிலோமீட்டர் நாடு. சுற்றி ஒரே சாலை, பைக்கில் அரை மணி நேரம். நடு மேட்டுக்கு ஏறினால் மண்ணே இல்லை. பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்த பிறகு சுண்ணாம்புப் பாறைகள் மட்டும் ஆள் உயரத்துக்கு, அதற்கும் மேலே, பல் பல்லாக நிற்கின்றன. ஒரு ஆடு மேய இடமில்லை. தீவில் ஐந்தில் நாலு பங்கு அப்படித்தான்.

1968-ல் விடுதலை வரும் முன்பே, அறுபது வருடமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு மலிவு உரமாக அந்தத் தீவு போனது. கேட்டால் நவ்ருக்காரர்கள் சோம்பேறிகள் என்பார்கள்! விடுதலைக்குப் பிறகு கையில் பணம் வந்தது, அதைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மைதான். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டினார்கள், அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'பறவை எச்சக் கோபுரம்'. ஒரு குட்டித் தீவுக்குச் சொந்த விமானக் கம்பெனி. 1993-ல் லண்டனில் ஒரு இசை நாடகத்துக்குப் பணம் போட்டு அதுவும் ஊற்றிக்கொண்டது. பாஸ்பேட் பணத்தைச் சேர்த்து வைத்த அறங்காவல் நிதியை ஆலோசகர்கள் என்று வந்தவர்கள் கரைத்தார்கள். 2004-ல் கோபுரம் கைமாறியது. அடுத்த வருடம் கடைசி விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கு நடுவில் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 1993-ல் ஆஸ்திரேலியாவிடமிருந்து 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு வாங்கினார்கள். அப்புறம் 2001-லிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வரும் அகதிகளை அடைத்துவைக்கும் முகாமுக்கு இடம் கொடுத்து வாடகை. மண்ணை விற்று முடித்தவன் கிடங்கை வாடகைக்கு விடுவான் இல்லையா, அப்படி. அந்த முகாமில் இலங்கைத் தமிழர்களும் வருடக்கணக்கில் கிடந்தார்கள்.

சமோவாவில் ஒரு முழு நாளே காணாமல் போனதாமே?
– கும்பகோணம் வாசகர்

ஆமாம், 2011 டிசம்பர் 30. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு ஒரே தேதியில் வியாபாரம் செய்யத் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவினார்கள். 29-ம் தேதி படுத்தவர்கள் 31-ம் தேதி எழுந்தார்கள்.

இந்தத் தீவுகள் எப்போது மூழ்கும்?
– மயிலாடுதுறை கல்லூரி மாணவி

தேதி கேட்காதீர்கள் பாப்பா. மூழ்குவதற்கு முன்னால் தாகம் வந்துவிடும்.

ஒரு ஜெர்மன் கம்பெனிக் கப்பலில் எனக்கு கிரிபாட்டி நாட்டுப் போசன், அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவர், ஒருவர் சிநேகிதர். (எழுதுவது கிரிபாட்டி, சொல்வது 'கிரிபாஸ்'.) தராவா தீவில் மாலுமிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அங்கிருந்து ஜெர்மன் கப்பல்களுக்குப் பையன்கள் வருவார்கள். மனிதர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நான் எங்கள் ஊர்ப் பனையேறிகளைப் பற்றிச் சொன்னேன். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுவது, பதநீர், கருப்பட்டி. எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பாவும் தென்னையில் பாளை சீவுகிறவராம். உச்சியில் உட்கார்ந்து பாடிக்கொண்டே சீவுவார்களாம். இறக்கியதைக் காய்ச்சிப் பாகு எடுத்து 'கமைமை' என்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். நாக்கில் வைத்தேன், உடன்குடிக் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி!

அவரிடம் கற்றதுதான் இது. பவளத் தீவில் ஆறு, ஏரி கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். ராமேஸ்வரம் பக்கம் கடற்கரையில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறோமே, அதே சங்கதி. அந்தப் படலம் வரை குழி வெட்டி 'பாபாய்' என்ற சேம்பு வகைக் கிழங்கு நடுவார்கள். பேரலை ஒன்று கரை தாண்டி உள்ளே வந்தால் குழி உப்பேறிவிடும். அவர் வீட்டுக் குழி இரண்டு முறை செத்தது, மறுபடி நடவில்லை. கிழங்கு போன இடத்துக்கு இறக்குமதி அரிசியும் மாவும் வந்தன, பின்னாலேயே சர்க்கரை நோய்.

செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தவர்கள், பல தீவுகளில் மணல் இடம் மாறுகிறதே தவிர மொத்தப் பரப்பு இன்னும் குறையவில்லை என்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று வாதாடுகிறவர்கள் அந்தக் குழியை எட்டிப் பார்த்ததில்லை. கிரிபாட்டி அரசு 2014-ல் ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கிப் போட்டது. துவாலு 2023-ல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் செய்து, வருடத்துக்கு 280 பேர் போய்க் குடியேற வழி வாங்கியது. 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். நாட்டின் ஜனத்தொகையே சுமார் 11 ஆயிரம்.

இந்த நாடுகள் தைவான் பக்கமும் சீனா பக்கமும் மாறி மாறித் தாவுகின்றனவே, மானம் வேண்டாமா?
– மதுரை வாசகர்

ஐயா, ஐ.நா. சபையில் 12 ஆயிரம் பேர் உள்ள நவ்ருக்கும் ஒரு ஓட்டு, நமக்கும் ஒரு ஓட்டு. கையில் இருக்கிற ஒரே சரக்கு அதுதான் என்றால் சந்தைக்குத்தான் வரும். நவ்ரு தூதரக உறவு வைத்துக்கொண்டது 2002-ல் பெய்ஜிங், 2005-ல் தைபே, 2024 ஜனவரியில் தைவான் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் மறுபடி பெய்ஜிங். சாலமன் தீவுகளும் கிரிபாட்டியும் 2019 செப்டம்பரில் ஒரே வாரத்தில் தைவானை விட்டுச் சீனா பக்கம் மாறின. 2022-ல் சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டதும் வாஷிங்டனும் கான்பெராவும் பதறிக்கொண்டு ஓடிவந்தன. அதற்கு முன் பல வருடம் வாஷிங்டன் அந்த வழியாக அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. மானத்தை அவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள்.

ஃபிஜியில் நம் தமிழர்கள் எப்படி இருக்கிறார்கள்?
– வேலூர் வாசகர்

சர்க்கரை ஏற்ற லவுடோகா போயிருக்கிறேன். டாக்சிக்காரர் பெயர் முனிசாமி மாதிரி ஒரு பெயர், பேச்சு ஃபிஜி இந்தி. தமிழில் அவருக்குத் தெரிந்தது 'தண்ணி', 'சோறு', 'முருகா'. தாத்தா உங்கள் வட ஆற்காட்டுப் பக்கம். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் கரும்புக்கூலிகளாக ஒப்பந்தத்தில் ஏற்றப்பட்டார்கள், 1903-லிருந்து சென்னையிலிருந்தும். முதல் கப்பல் சேர்ந்தது 1879 மே 14. இந்திய வம்சாவளியினர் செல்வாக்குள்ள அரசு வந்ததும் ராணுவத்தில் ரபுகா என்ற அதிகாரி அதைக் கவிழ்த்தது 1987 மே 14. அதே ரபுகா 2022 கடைசியில் தேர்தலில் வந்து பிரதமரானார்.

சண்டையின் வேர் நிலம். நாட்டில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் பூர்வகுடிகளின் பொதுச் சொத்து, விற்க முடியாது. இந்தியர்கள் முப்பது வருடக் குத்தகையில் கரும்பு போட்டார்கள். 1997-லிருந்து குத்தகைகள் முடிய ஆரம்பித்தன. டாக்சிக்காரரின் அப்பா, வீட்டுத் தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு நாந்தி நகருக்கு வந்தவர். கோபமா என்று கேட்டேன். "அவர்கள் நிலம் தானே" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனால் கிணறு நாங்கள் வெட்டியது" என்றார். ஒருகாலத்தில் ஜனத்தொகையில் பாதி இருந்த இந்தியர்கள் இப்போது மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று போய்விட்டார்கள்.

இவர்கள் ஒன்று சேர்ந்து உருப்படியாக எதுவும் செய்ததில்லையா?
– தூத்துக்குடி வாசகர்

நம் ஊர்க்காரர், ஆகவே மீனிலிருந்தே சொல்கிறேன். உலகில் பிடிபடும் வரிச்சூரை மீனில் ஏறக்குறைய பாதி இந்த நாடுகளின் கடலில்தான் கிடைக்கிறது. முன்பு வெளிநாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாக மிரட்டி, மீன் விலையில் அற்பக் காசு கொடுத்து அள்ளிக்கொண்டு போயின. ஏழு நாடுகள் 1982-ல் நவ்ரு ஒப்பந்தம் என்று ஒன்று போட்டன, பிறகு துவாலுவும் சேர்ந்து எட்டானது. 2007-லிருந்து மீனை விடுத்து மீன்பிடி நாட்களை விற்றார்கள். எங்கள் கடலில் ஒரு கப்பல் ஒரு நாள் வலை போட இவ்வளவு, மொத்த நாட்கள் இவ்வளவுதான், அதற்குமேல் இல்லை. பிறகு ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 8,000 டாலர் என்று தரை விலை வைத்தார்கள். 2010-ல் ஆறு கோடி டாலர் அளவில் இருந்த மொத்த வருமானம் பத்து வருடத்துக்குள் ஐம்பது கோடி அளவுக்குப் போனது. கிரிபாட்டி அரசின் வருமானத்தில் பாதிக்கும் மேல் இந்த மீன் நாட்கள்தான்.

இதிலும் ஒரு சிக்கல். கடல் சூடானால் சூரை கிழக்கே நகரும், இவர்கள் எல்லையைத் தாண்டி யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்குப் போகும். அதோடு, தீவு கரைந்தால் அதை வைத்து வரைந்த கடல் எல்லை என்னாகும் என்ற கேள்வியும் இருந்தது. 2019-ல் வனுவாட்டுவில் படித்த 27 சட்ட மாணவர்கள் பருவநிலை விஷயத்தை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்து ஐ.நா. வரை கொண்டுபோனது. 2025 ஜூலை 23-ல் நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. அதற்குள் ஒரு பத்தி இந்த எல்லையைப் பற்றியது: கடல் ஏறிக் கரை மாறினாலும், ஒரு முறை முறைப்படி வரைந்து கொடுத்த கோட்டைத் திருத்த வேண்டும் என்ற கட்டாயம் அந்த நாடுகளுக்கு இல்லை.